பார்க்காமல் போட்ட கையெழுத்து

சென்ற வருஷம் ஆடி மாதத்தில் பென்னாகரத்தில் என் தங்கை வீட்டில் நாலு நாள் தங்க நேர்ந்தது. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போவதாகத்தான் ஏற்பாடு. காவிரியில் வெள்ளம் அதிகமென்று பரிசலையும் நிறுத்திவிட்டார்கள், குளிப்பதையும் நிறுத்திவிட்டார்கள். போன காரியம் நடக்கவில்லை. வேறொன்று நடந்தது.

இரண்டாம் நாள் இரவு பதினொரு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவன், முன்னறையில் வெளிச்சம் கண்டு எட்டிப் பார்த்தேன். தங்கை மகள் தரையில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பழைய மடிக்கணினி. பள்ளிப் படிப்பு முடிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. மூடி ஒரு பக்கம் கழன்று போய், அதை ஒரு செங்கல் தாங்கிக்கொண்டிருந்தது. மேஜைமேல் அவள் கம்பெனி கொடுத்த புதுக் கணினி பளபளவென்று மூடிக் கிடந்தது. பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறாள்.

"புதுசு இருக்கறப்போ இதைக் கட்டிக்கிட்டு ஏன் கண்ணு அழறே?" என்றேன்.

"புதுசுலே பார்க்க நெறையப் பேர் இருக்காங்க மாமா. பழசுலே பார்க்கத்தான் ஆளில்லே."

"எதைப் பார்க்கணும்?"

"கர்னலை."

எனக்குத் தெரிந்த கர்னல்கள் எல்லாரும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, ரோஜாத் தோட்டம் வைத்துக்கொண்டு, என் கதைகளில் வீரம் போதவில்லை என்று கடிதம் எழுதுகிறவர்கள். இது வேறு கர்னலாம். கொட்டையை உடைத்தால் உள்ளே இருக்கிற பருப்புக்கு இங்கிலீஷில் சொல்லுகிற பேர். கணினிக்குள்ளே எல்லாவற்றுக்கும் உள்ளாக இருக்கிற பருப்பு அது என்றாள்.

எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். பழைய நாளில் சத்திரங்களில் ஒரு மணியக்காரர் இருப்பார். வருகிற வழிப்போக்கர்களில் யாருக்கு எந்த அறை, யார் எப்போது அடுப்பை எடுத்துக்கொள்வது, கிணற்றுக் கயிறு யார் கையில் எவ்வளவு நேரம், ஒருவர் மூட்டையில் இன்னொருவர் கை வைக்காமல் பார்ப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. வழிப்போக்கர்களுக்கு அவர் முகமே நினைவிருக்காது. ஆனால் அவர் ஒரு நிமிஷம் அயர்ந்தால் சத்திரமே சந்தைக்கடையாகிவிடும். கணினியில் நாம் பார்க்கிற படமும் பாட்டும் கடிதமும் வழிப்போக்கர்கள். அவர்களுக்கெல்லாம் இயந்திரத்தைப் பங்கிட்டுத் தருகிற மணியக்காரர்தான் கர்னல்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது லினக்ஸ் என்னும் கர்னல். 1991-ல் ஹெல்சிங்கி நகரத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தன் சொந்த ஆசைக்கு எழுத ஆரம்பித்தது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒவ்வொன்றிலும் அதுதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சென்னையில் ஸி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' என்ற நம் நாட்டு இயங்குதளத்துக்கும் அதுதான் கரு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். இப்போது அதை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்கள்தாம். ஆனாலும் என் மருமகளைப்போல் ஒரு பைசா வாங்காமல் ராத்திரி கண் விழிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

"நீ என்ன எழுதறே?"

"நான் எழுதறதில்லே மாமா. எழுதினது சரியா இருக்கான்னு பார்க்கறேன்."

எழுதுகிறவனுக்கு இந்த வாக்கியம் கொஞ்சம் உறுத்தும். விமரிசகர்களை நாங்கள் பார்க்கிற பார்வையே வேறு. ஆனால் அவள் சொன்ன விவரம் எனக்குப் பிடித்திருந்தது. கர்னலோடு கூடவே 'கேசெல்ஃப்டெஸ்ட்' என்று சோதனைகளின் பெரிய மூட்டை ஒன்று வருகிறது. புதிதாக ஒரு கர்னலை அந்தப் பழைய இயந்திரத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றத்தக்கதாக அதைத் தயாரிக்கவே அந்த இயந்திரத்துக்கு அரை ராத்திரி பிடிக்கிறது. பிறகு சோதனைகளை ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சோதனையும் கர்னலிடம் ஏதாவது ஒன்று கேட்கும். கேட்டது கிடைத்ததா, கேட்கக் கூடாததைக் கேட்டபோது மறுத்ததா என்று பார்த்துக் கடைசியில் ஒரு வரி எழுதும். 'ஓகே' என்றால் சரி. 'நாட் ஓகே' என்றால் தப்பு.

இந்தச் சோதனைகள் எங்கிருந்து வந்தன? பல சோதனைகளுக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. பூமி தன்னைத்தானே சுற்றுவது கடிகாரத்தைப்போல் அத்தனை சீராக இல்லை. ஆகையால் உலக நேரத்தில் எப்போதாவது ஒரு விநாடியைச் செருகுவது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. 2012 ஜூன் 30 நள்ளிரவு, கிரீன்விச் கணக்கில், அப்படி ஒரு விநாடியைச் செருகினார்கள். நமக்கு ஜூலை 1 விடியற்காலை ஐந்தரை மணி. தர்மபுரியில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திராது. ஆனால் லினக்ஸ் கர்னலின் கணக்கில் அந்த ஒரு விநாடி இடறிவிட்டது. தூங்க வேண்டிய நிரல்கள் தூங்காமல், விழித்து விழித்து இயந்திரங்களைக் கொதிக்க வைத்தன. ரெட்டிட் என்ற பெரிய வலைத்தளம் தடுமாறியது. ஆஸ்திரேலியாவில் குவான்டாஸ் விமானங்களில் ஏற வந்தவர்கள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். அதோடு விடவில்லை. ஜான் ஸ்டல்ட்ஸ் என்பவர் எழுதிய ஒரு சோதனை இப்போது அந்த மூட்டையில் இருக்கிறது. 'தினம் ஒரு செருகல்' என்று தமிழில் சொல்லலாம். நள்ளிரவுக்குச் சற்று முன்பாகக் கடிகாரத்தை வைத்து, விநாடியைச் செருகி, மறுபடி வைத்து, மறுபடி செருகி, கர்னல் தடுமாறுகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருக்கும். ஓட்டுகிறவரின் இயந்திரத்திலேயே மணி தாறுமாறாகிவிடுமாதலால், 'சேதம் செய்யக்கூடிய சோதனைகள்' என்று தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒரு முறை பட்ட அடியை மறந்து போகாமல் எழுதி வைத்து, முகம் தெரியாத பேர்களுக்கு அந்த அடி மறுபடி விழாதபடி தினமும் காவல் இருப்பது. நம் வீட்டுப் பாட்டிகள் "அந்தப் படிக்கட்டிலே பார்த்து இறங்கு, உங்க தாத்தா அங்கேதான் விழுந்தாரு" என்று ஐம்பது வருஷம் சொல்லிக்கொண்டிருப்பார்களே, அந்த ஜாதி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற கர்னல்களுக்கு அடிக்கடி திருத்தப் பதிப்பு வருகிறது. கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் போன்ற பராமரிப்பாளர்கள், வெளியிடுவதற்கு முன்னால் "இதோ இருக்கிறது, யாராவது ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று அறிவிக்கிறார்கள். சாதாரணமாக இரண்டு நாள் தவணை. உலகத்தின் நாலா மூலைகளிலிருந்தும் பதில் போகிறது. எந்த இயந்திரம், என்ன செய்தோம், என்ன கண்டோம் என்று எழுதி, அடியில் 'டெஸ்டெட்-பை' என்று போட்டுத் தன் பேரை எழுதுவார்கள். 'சோதித்தவர் இன்னார்' என்று அர்த்தம். அந்தப் பேர் கர்னலின் சரித்திரத்தில் சேர்ந்துவிடும். அதன் பிறகு அழிப்பதற்கில்லை.

என் மருமகள் பேர் மூன்று பதிப்புகளில் சேர்ந்திருந்தது. என் தங்கைக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாவிட்டால் என்ன? கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டியிருக்கிறாள். பால்காரர்கூடப் பார்த்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பெண் காப்பி குடிக்க வரவில்லை. போய்ப் பார்த்தால், முகம் வீங்கியிருந்தது. ராத்திரி தூங்கவில்லை என்று தெரிந்தது.

சோதனை முடிவில் 'ஓகே', 'நாட் ஓகே' என்ற இரண்டு பதில்தான் உண்டு என்று சொன்னேன் அல்லவா? அது என் அவசரம். மூன்றாவது ஒன்று இருக்கிறது. ஒரு சோதனை ஓட வேண்டுமானால் சில வசதிகள் தேவை. இன்ன சாதனம் இருக்க வேண்டும், கர்னலைத் தயாரிக்கும்போது இன்ன அம்சத்தைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று. இல்லாவிட்டால் சோதனை ஓடாது. 'தாண்டிவிட்டேன்' என்று சொல்லிவிடும். எப்படிச் சொல்கிறது என்பதில்தான் சங்கடம். வரியின் தொடக்கத்தில் 'ஓகே' என்றுதான் எழுதுகிறது. வரியின் கடைசியில் ஒரு வேலிக்குறி போட்டு, 'ஸ்கிப்' என்கிறது. தப்பு காணவில்லை என்பதால் முன்னால் ஓகே; பார்க்கவே இல்லை என்பதால் பின்னால் ஸ்கிப். கடைசி வரைக்கும் படிக்கிறவருக்கு ஒரு குழப்பமும் இல்லை.

இவள் எண்ணுவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தாள். அது வரியின் முதல் வார்த்தையை மட்டும் எண்ணும். 'ஓகே' 62, 'நாட் ஓகே' பூஜ்யம். "எல்லாம் சரி" என்று மூன்று முறை எழுதி, மூன்று முறை கையெழுத்துப் போட்டிருந்தாள். முந்தின ராத்திரி தற்செயலாக வரிகளைக் கடைசி வரைக்கும் படித்திருக்கிறாள். அறுபத்திரண்டில் 23 ஓடவே இல்லை.

"இப்போ அந்தப் பதிப்பெல்லாம் வெளியே வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"ஏதாவது கெட்டுப்போச்சா?"

"இதுவரைக்கும் இல்லே."

"உன்னைத் தவிர எத்தனை பேர் பார்த்திருப்பாங்க?"

"நெறையப் பேர். பெரிய பெரிய கம்பெனியெல்லாம் பார்ப்பாங்க."

"அப்புறம் என்ன கண்ணு? இனிமே ஒழுங்காப் பாரு. பழசை எதுக்குக் கிளறணும்? யாருக்குத் தெரியப்போகுது?"

இதை நான்தான் சொன்னேன். தர்ம நியாயங்களைப் பற்றி இருபது நாவல் எழுதியவன், காலை ஏழு மணிக்கு, பல் துலக்கிய வாயால் சொன்னேன்.

அவள் பதில் சொல்லாமல் திண்ணைப் பக்கம் பார்த்தாள். அங்கே அவள் அப்பா பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஏதோ செய்தியைப் படித்துச் சிரித்தார். சிரிக்கும்போது துண்டு தானாக வாய்க்குப் போயிற்று. முப்பது வருஷமாக அவர் சிரிப்பை நான் துண்டுக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன். பல்லில் பழுப்புக் கோடுகள். இப்போது முழங்கால் மடங்குவதில்லை. பந்தியில் எல்லாரோடும் கீழே உட்கார முடியாமல் நாற்காலி கேட்கிறார்.

"அப்பா வீட்டுக் கெணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குமாம் மாமா. பாட்டி சொல்லும்" என்றாள்.

வேறொன்றும் சொல்லவில்லை.

தர்மபுரிச் சீமையின் தண்ணீர்க் கதையை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாறை நிலம். பாறையில் இருக்கிற ஃபுளோரைடு என்ற உப்பு நிலத்தடி நீரில் மெள்ளக் கரைகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. இங்கே பல ஊர்களில் அதைத் தாண்டித்தான் இருந்தது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, ருசியில் தெரியாது. காய்ச்சிக் குடித்தால் எந்தத் தோஷமும் போய்விடும் என்று நம்பிக் காய்ச்சினால், தண்ணீர் சுண்டச் சுண்ட இதன் செறிவு கூடுமே ஒழியக் குறையாது. குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது கறை உள்ளேயே ஏறிவிடுகிறது. இன்னும் பல வருஷம் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் இறங்குகிறது. அப்போதைய சென்னை மாகாணத்தில், நெல்லூர் ஜில்லாவில் இந்த நோய் இருப்பதை ஷார்ட் முதலிய டாக்டர்கள் 1937-லேயே கண்டு எழுதிவிட்டார்கள். ஆனால் நெல்லூரில் எழுதியது பென்னாகரத்துக் கிணற்றுக்கு எப்படித் தெரியும்? இங்கே "அந்தக் குடும்பத்துப் பல்லே அப்படித்தான்" என்றார்கள். "பல் துலக்கச் சோம்பேறி" என்றார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் வெற்றிலைக் கறை என்று சமாளித்தார்கள்.

யாராவது ஒருவர் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்திருந்தால் போதும். மருந்துச் சொட்டு விட்டு, சிவப்பு மஞ்சளாகிறதா என்று பார்க்கிற சோதனை. வேண்டுமென்று யாரும் அதைத் தவிர்க்கவில்லை. அவசியம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். பளிங்கு மாதிரி இருக்கிற தண்ணீரை எவன் சந்தேகப்படுவான்? ஜப்பானியக் கடனுதவியோடு, சுமார் 1,900 கோடி ரூபாய்ச் செலவில், காவிரித் தண்ணீரைத் தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தத் திட்டத்தின் பேரிலேயே ஃபுளோரைடு நோயைத் தணிப்பது என்பதும் சேர்ந்திருக்கிறது. என் மாப்பிள்ளைக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது.

ஆக, பரிசோதிக்கப்படாத தண்ணீர் இரண்டு தலைமுறைக்கு 'ஓகே' என்ற கணக்கில் இருந்தது. வரியின் கடைசியில் இருந்த 'ஸ்கிப்'பை யாரும் படிக்கவில்லை.

பிற்பாடு ஒரு சங்கதி தெரிந்துகொண்டேன். இந்தச் சிறு பெண் செய்த தவறு அவளுடைய தனிச் சொத்தல்ல. அந்தச் சோதனை மூட்டையிலேயே ஒரு காலத்தில் இந்தக் குறை இருந்திருக்கிறது. வசதி இல்லாமல் ஓடாமற்போன சோதனைகளில் பல, 'தேறியது' என்ற எண்ணையே திருப்பித் தந்துகொண்டிருந்தன. அதைப் பராமரிக்கிற ஷுவா கான் என்ற அம்மையார் 2018-ல் ஒன்றொன்றாக அந்தச் சோதனைகளைத் திருத்தி, ஓடாததற்கு என்று இருந்த தனி எண்ணைக் கொடுக்கும்படி செய்தார். தேறினால் பூஜ்யம், தவறினால் 1, ஓடாவிட்டால் 4. கர்னலில் ஒரு குற்றத்தையும் அந்தத் திருத்தங்கள் நீக்கவில்லை. கர்னல் முந்தின நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நமக்கு எவ்வளவு தெரியும் என்கிற கணக்கு மாத்திரம் உண்மையாயிற்று. இது ஒரு வேலையா என்று கேட்பவர்களும் இருக்கலாம். எனக்கு அது பெரிய வேலையாகப் படுகிறது.

சென்னை திரும்பியபின் இதை ஒரு வக்கீல் நண்பரிடம் சொன்னேன். அவர் எதற்கும் எதிர்க்கட்சி ஆடுகிறவர். ஆனால் ஆட்டம் கெட்டிக்கார ஆட்டம். "ஸார், ஒவ்வொரு கையெழுத்தையும் பார்த்துத்தான் போட வேண்டும் என்றால் சர்க்கார் ஒரு நாள் ஓடாது. நீங்கள் முதல் வேலைக்குப் போனபோது நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கினீர்களே, கையெழுத்துப் போட்ட அதிகாரி உங்களை எத்தனை வருஷமாக அறிவார்?" என்றார். 'மூன்று வருஷங்களாக நன்கு அறிவேன்' என்று எழுதியிருந்தார் அந்த மனிதர். மூன்று நிமிஷம் அறிந்திருப்பார். வராந்தாவில் நின்றுகொண்டே பேனாவை உதறிப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பொய்யில்தான் என் உத்தியோகம் தொடங்கியது. நான் யோக்கியனாகவே இருந்துவிட்டேன் என்று வைத்துக்கொண்டாலும் பொய் மெய்யாகிவிடுமா?

நண்பர் அடுத்த அம்பையும் விட்டார். சோதித்தால் மட்டும் என்ன உறுதி? டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணிதப் பேரறிஞர், 1969-ல் ரோமாபுரியில் கூடிய ஒரு மகாநாட்டிலேயே சொல்லியிருக்கிறார்: சோதனையால் பிழை இருப்பதைக் காட்டலாமே தவிர, பிழை இல்லை என்பதை ஒருபோதும் காட்ட முடியாது. "62 சோதனையும் ஓடியிருந்தால் மாத்திரம் அந்தக் கர்னல் பரிசுத்தம் என்று உங்கள் மருமகள் சத்தியம் பண்ண முடியுமா? முடியாதில்லையா? பின்னே 62-க்கும் 39-க்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

இந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. அவர் சொன்னது பொய்யில்லை. கர்னல் நல்லது என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. இந்தத் தண்ணீர் நல்லது என்றுகூட முடியாது. இன்ன உப்புக்காகப் பார்த்தேன், இன்ன அளவு இருந்தது என்றுதான் சொல்ல முடியும். அப்படியானால் 'சோதித்தவர்' என்று பேர் எழுதுகிறவள் எதற்கு ஜாமீன் நிற்கிறாள்? பொருளுக்கு அல்ல என்று தோன்றுகிறது. தன் செய்கைக்குத்தான் ஜாமீன். 'இந்த இயந்திரத்தில், இந்த ராத்திரி, இதை நான் ஓட்டினேன், என் கண்ணால் இதைக் கண்டேன்' என்பதற்கு. கர்னலின் குணம் அவள் கையில் இல்லை. அவள் ஓட்டினாளா இல்லையா என்பது முழுக்க முழுக்க அவள் கையில் இருக்கிறது. அந்த ஒன்றுக்குக்கூட ஜாமீன் நிற்க முடியாவிட்டால் அந்தப் பேருக்கு அங்கே என்ன வேலை? மற்ற நூறு பேர் பார்த்தார்கள் என்பது சமாதானமாகாது. அந்த நூறு பேரும் மற்ற தொண்ணூற்றொன்பது பேர் பார்த்திருப்பார்கள் என்று எண்ணியிருக்கக்கூடும். அதுவும், அந்தச் செங்கல் தாங்கிய பழைய இயந்திரத்தில் பார்க்க அவளைத் தவிர ஆளே கிடையாது என்று அவளே எனக்குச் சொல்லியிருந்தாள்.

தர்மபுரிதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். புறநானூற்றில் தொண்ணூற்றைந்தாவது பாட்டு. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையாகக் காட்டுகிறான். எல்லாம் நெய் பூசி, மாலை சூட்டி, மின்னுகின்றன. ஔவை அதை மெச்சுவதுபோல் மெச்சிவிட்டு, எங்கள் அரசனுடைய வேல்களோ முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். சிறு வயதில் இதை வெறும் குத்தல் பேச்சு என்று ரசித்திருக்கிறேன். இப்போது அந்தப் பட்டறையைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. அங்கே ஒடிந்து கிடக்கிற வேல் ஒவ்வொன்றும், 'இந்த இடத்தில் ஒடியும்' என்று சொல்லிக்கொண்டு கிடக்கிறது. கொல்லனுக்கு அது தெரிந்துவிட்டது. மாலை போட்ட வேலைப் பற்றித் தொண்டைமானுக்கு என்ன தெரியும்? அது பளபளப்பாக இருக்கிறது என்று தெரியும்.

அன்று பிற்பகலே அவள் மின்னஞ்சல் எழுதினாள். என்னைக் கேட்கவில்லை. எழுதி முடித்தபின் படித்துக் காட்டினாள். ஏழெட்டு வரி. இன்ன இன்ன மூன்று பதிப்புகளுக்கு எல்லாச் சோதனைகளும் தேறியதாக எழுதியிருந்தேன். அவற்றில் 23 என் இயந்திரத்தில் ஓடவில்லை. நான் எண்ணிய முறை தவறு. ஓடாதவற்றின் பட்டியல் கீழே. மன்னிப்பு என்ற வார்த்தை ஒரு தரம் வந்தது. காரணம் ஒன்றும் சொல்லவில்லை. நானாக இருந்தால் மின்வெட்டு, உடம்பு சரியில்லை என்று இரண்டு வாக்கியமாவது சேர்த்திருப்பேன்.

"இதுக்கு என்ன சொல்லுவாங்க?"

"தெரியலே மாமா."

மறுநாளும் பதில் வரவில்லை. அதற்கு மறுநாள் நான் புறப்பட்டேன். பிறகும் வரவில்லை என்று தொலைபேசியில் சொன்னாள். நாளுக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் வருகிற இடத்தில் அதை யார் கவனித்தார்களோ என்னவோ. அந்தப் பதிப்புகளுக்குப் பிறகு வேறு பதிப்புகள் வந்துவிட்டன. அவள் பேர் அந்த மூன்றிலும் இன்னும் 'சோதித்தவர்' என்றே இருக்கிறது. சரித்திரத்தில் எழுதியதை அழிப்பதற்கில்லை என்றேனே. பல சோதனைப் பிரிவுகளில் 'கான்ஃபிக்' என்று ஒரு சீட்டு இருக்குமாம், எந்தெந்த அம்சம் திறந்திருக்க வேண்டும் என்று. அதைப் பார்த்துப் பார்த்துத் திறந்து, ஓடாத 23-ல் 17-ஐ ஓடச் செய்துவிட்டாள். மீதி ஆறுக்கு வேண்டிய சாதனம் அந்த இயந்திரத்தில் கிடையாது. அவற்றை 'ஓடவில்லை' என்றே எழுதி அனுப்புகிறாள். தெருவில் காட்டுவதற்கு 'எல்லாம் சரி' என்பதைப்போல் அழகாக இல்லை என்று என் தங்கைக்குக் கொஞ்சம் வருத்தம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் இளைஞர் தம் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து, முன்னுரை வேண்டும் என்று நின்றார். நானூறு பக்கம். எனக்கு அப்போது ஒரு தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. முதல் அத்தியாயம் படித்தேன், கடைசி அத்தியாயம் படித்தேன், நடுவில் கொஞ்சம் புரட்டினேன். 'ஒரே மூச்சில் படித்து முடித்தேன்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். புத்தகம் வந்தது, இரண்டாம் பதிப்பும் வந்தது. விளம்பரத்தில் என் வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். ஒரே மூச்சு.

பென்னாகரத்திலிருந்து திரும்பிய வாரம் அதை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி, நிஜமாகவே படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார், நான் முன்னுரையில் சொன்னதைவிட நன்றாகவே. ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில் கதாநாயகனுடைய தாயார் இறந்து, காரியமெல்லாம் ஆகிவிடுகிறது. பதினான்காம் அத்தியாயத்தில் அதே தாயார் சமையலறையிலிருந்து வந்து விருந்தாளிக்குக் காப்பி கொடுக்கிறாள். இரண்டு பதிப்பிலும் கொடுக்கிறாள்.

நான் கடிதம் எழுதினேன். நாவலைப் படித்தேன் என்று எழுதினேன், பிழையைச் சொன்னேன், மூன்றாம் பதிப்பில் திருத்திக்கொள்ளச் சொன்னேன். முன்னுரை எழுதியபோது படிக்கவில்லை என்பதையும் ஒரு வரி எழுதியிருந்தேன். பிரதி எடுக்கும்போது அந்த வரி எப்படியோ விட்டுப்போயிற்று.

பத்து நாளில் பதில் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பிழையைக் கண்டுபிடித்த முதல் ஆள் நான்தான் என்றும், முன்னுரைக்காக ஒரு தரம் படித்ததோடு நில்லாமல் மறுபடியும் இவ்வளவு கவனமாகப் படிக்கிற மூத்த எழுத்தாளர் இந்தக் காலத்தில் வேறு யார் இருக்கிறார் என்றும் அவர் எழுதியிருந்தார். கடிதம் என் மேஜைமேல்தான் இருக்கிறது. இன்னும் பதில் போடவில்லை.